கஞ்சி போட்ட டவுசரும் பதிமூன்று மைலும்

குமாரபாளையத்து மில் கேட்டில் மூன்று வருடம் நின்றிருக்கிறேன். உள்ளே வேலை பார்த்த நாட்களைச் சொல்லவில்லை. வெளியே நின்ற நாட்களைச் சொல்கிறேன். அன்றைக்கு வேலைக்கு வராத ஆளின் இடத்தில் எடுத்துக்கொள்ளும் ஆளுக்குப் பதிலி என்று பெயர். காலைச் சங்கு ஊதுவதற்கு முன்னால் பதிலிகள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் கூடி நிற்போம். மேஸ்திரி வந்து விரலை நீட்டுவார். விரல் நம் பக்கம் வந்தால் அன்றைக்கு வேலை. வராவிட்டால் தூக்குப்போசியில் இருக்கிற சோற்றை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போக வேண்டும். கட்டிக் கொடுத்த சோற்றை, கட்டிக் கொடுத்தவள் முன்னால் கொண்டு போய் வைப்பது இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

என்னோடு நின்றவர்கள் ஒவ்வொருவராக நிரந்தரமாகி உள்ளே போனார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்களும் போனார்கள். நான் போகாததற்கு வேறு யாரும் காரணமில்லை. நானேதான்.

ஏழாவது படிக்கும்போது ஒருநாள் டிரில் பீரியடில் வெயிலில் மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே இருந்த கம்பவுண்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, பையனுக்கு நெஞ்சு கொஞ்சம் பலவீனம், ஓடவிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னார். பள்ளிக்கூடம் இரண்டு மைல் தூரம். அம்மாவுக்கு நடையும் ஓட்டமும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அந்த வாரத்தோடு என் படிப்பு முடிந்தது. அப்பாவின் தறியில் உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து என் வலது கை இடது கை மணிக்கட்டைத் தேடிப் போகப் பழகிவிட்டது. நாடி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடித்தால், இவ்வளவு வேகமாக ஏன் அடிக்கிறது என்று பயம். மெதுவாக அடித்தால், நின்றுவிடப் போகிறதோ என்று பயம். படி ஏறினால் பயம், காரமாகச் சாப்பிட்டால் பயம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் காதுக்குள் நெஞ்சு இடிப்பது கேட்கும் என்று பதினான்கு வருடம் வலது பக்கமாகவே படுத்தேன்.

மில்லில் பதிலியாகப் பேர் கொடுத்தபோது மில் டாக்டர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, வியாதி வெக்கை ஏதாவது உண்டா என்று கேட்டார். முன்னால் நின்றவர்கள் எல்லோரும் இல்லை என்றார்கள். அவர்களில் ஒருவருக்கு ஆஸ்துமா என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். என் முறை வந்ததும் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஓடுகிற மெஷின் மேல் மயங்கி விழுந்து வைத்தால் என்ன ஆகும் என்ற பயம். டாக்டர் நெஞ்சில் குழாயைக்கூட வைக்கவில்லை. நான் சொன்னதைச் சிவப்பு மையில் ஒரு வரியாக எழுதினார். அந்தச் சிவப்பு வரிதான் என்னை மூன்று வருடம் புங்கமரத்தடியில் நிறுத்தி வைத்தது.

என் வீட்டுக்காரி வெண்ணந்தூரிலிருந்து வந்தவள். அவளுடைய பிறந்த வீட்டிலும் தறிதான். கல்யாணமாகி இரண்டாவது வருடம் அவளுக்கு ஏழு மாதம் ஆகியிருந்த சமயத்தில்தான் இந்த ஓட்டம் வந்தது.

மில்லில் விரல் நீளாத நாட்களில் நான் வீட்டுத் தறிக்குப் பாவு தோய்ப்பேன். பாவு என்பது துணிக்கு நீளவாக்கில் போகிற நூல். விடியும்போதே தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அதை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, நூல் ஒன்றோடொன்று ஒட்டாமல் காய்கிற வரைக்கும் நூலைக் கோதிவிடும் பெரிய புருசைப் பிடித்துக்கொண்டு அப்படியும் இப்படியுமாக நடக்க வேண்டும். நின்றால் நூல் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் அவள் வாசலில் உட்கார்ந்து என் நடையை எண்ணியிருக்கிறாள். நான் வந்து கை கழுவும்போது கேட்டாள்.

"ஏனுங்க, பொழுது கெளம்பறதுக்குள்ள நீங்க எத்தன மைலு நடந்தீங்க தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"இந்த நடை நடக்கறவருக்கு நெஞ்சு பலவீனம்னு எந்தக் கம்பவுண்டருங்க சொன்னான்? அவனக் கூட்டியாந்து ரெண்டு நடை நடக்கச் சொல்லோணும்."

அதோடு விடவில்லை. ஆற்றில் துணி துவைக்கும் இடத்தில் மேஸ்திரியின் சம்சாரத்தைப் பிடித்துப் பேசிவிட்டாள். அந்தம்மா மேஸ்திரியிடம் சொல்ல, மேஸ்திரி மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். மேனேஜர் காலேஜில் ஓட்டக்காரராக இருந்தவர். மில்லின் ஆண்டு விழாவுக்கு மற்றவர்கள் கச்சேரி வைப்பார்கள். இவர் சங்ககிரியிலிருந்து மில் கேட் வரைக்கும் பதிமூன்று மைல் ஓட்டப் பந்தயம் வைத்தார். மில் ஆட்கள் மட்டுமில்லை, யார் வேண்டுமானாலும் ஓடலாம்.

ஒருநாள் காலையில் மேஸ்திரி விரலை நீட்டுவதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேனேஜர் சொன்னாரு. பதிமூணு மைலையும் அந்த ஆள் முழுசா ஓடி வரட்டும், அந்தச் செவப்பு வரிய என்ற கையாலயே அடிச்சுர்றேன்னாரு. உம்பட சம்சாரம் வாய்க்காரிதான் போப்பா."

நேரே போய்ச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைப் படித்தேன். காலை ஆறு மணிக்குச் சங்ககிரியில் புறப்பாடு. எட்டரைச் சங்கு ஊதுவதற்குள் வந்து சேருகிறவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர். எட்டரைச் சங்கு என்ற இடத்தை இரண்டு தரம் படித்தேன். அன்றிலிருந்து எனக்கு அந்தச் சங்குதான் கனவிலும் ஊதியது.

நாற்பது நாள் பழகினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் வட்டமலை வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்புவேன். ஓடும்போதே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். எதிரே வந்த பால்காரம்மா இரண்டு நாள் பார்த்துவிட்டு, கையில் அடிபட்டுவிட்டதா என்று கேட்டார்.

பந்தயத்துக்கு டவுசரும் பனியனும் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். என்னிடம் டவுசர் கிடையாது. வீட்டுத் தறியில் நெய்த கெட்டித் துணியில் அவளே அளவெடுத்துத் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினாள். ஊரே பார்க்கிற இடத்தில் கட்டிக்கொண்டவன் கசங்கிப் போய் நிற்கக் கூடாதே. முதல் நாள் அதைத் துவைத்து, பாவுக்குக் காய்ச்சுகிற மாதிரி தனியாகக் காய்ச்சிய கஞ்சியில் இரண்டு தரம் முக்கி, கொடியில் போட்டுக் காயவைத்தாள். சாயங்காலம் அதை எடுத்துத் தரையில் வைத்தால் ஆள் இல்லாமலே நின்றது. எங்கள் தெருவில் எல்லோர் வீட்டிலும் நல்ல நாளைக்குத் துணிக்கு அப்படித்தான் கஞ்சி போடுவோம். வேட்டியானாலும் சேலையானாலும் மொடமொடவென்று சத்தம் கேட்டால்தான் மரியாதை. அதில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை. நாளெல்லாம் எதற்கெதற்கோ பயப்படுகிறவன், பயப்பட வேண்டிய ஒரே விஷயத்தைக் கண் முன்னால் கொடியில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிவதற்கு முன்னால் மில் லாரியில் ஏற்றி எங்களைச் சங்ககிரி மலையடிவாரத்தில் இறக்கினார்கள். முப்பது முப்பத்தைந்து பேர் இருப்போம். மில் ஆட்கள், இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒரு லாரி கிளீனர். கான்வாஸ் பூட்ஸ் போட்டிருந்தவர் வாத்தியார் ஒருவர்தான். மற்ற எல்லோரும் வெறுங்கால். முதுகில் நம்பர் எழுதிய துணியை ஊசி குத்தி மாட்டினார்கள். என் பனியனும் கஞ்சி போட்டதுதான். ஊசி இறங்காமல் வளைந்தது. மாட்டிவிட்டவர் இதென்ன தகரமா என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மாசி மாதத்துக் குளிர். விசில் ஊதினதும் எல்லோரும் பாய்ந்தார்கள். நான் பாயவில்லை. என்னுடைய கணக்கே வேறு. முதல் மைலில் செத்துப் போகாமல் இருந்தால் இரண்டாவது மைலைப் பற்றி யோசிக்கலாம். அப்படியே ஒவ்வொரு மைல் கல்லாகத் தாண்டினேன். சூரியன் முதுகுக்குப் பின்னால் மலைக்கு மேலே ஏறியதும் என் நிழல் முன்னால் நீண்டு விழுந்தது. டவுசர் போட்ட ஒரு நெட்டை ஆள் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தான். அவனுக்கு நெஞ்சு வலி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ரோட்டுக்கு இரண்டு பக்கமும் புளியமரம், அதற்கு அப்பால் சோளத்தட்டு அறுத்த காடு. ஜனங்களுக்கு இந்த ஓட்டம் புரியவில்லை. பவானிப் பக்கம் போன பஸ் ஒன்று எனக்குப் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் தலையை நீட்டி, எடம் இருக்குதுங்க, ஏறிக்குங்க என்றார். வேண்டாமுங்க, ஓட்டம் என்று மூச்சுக்கு நடுவில் சொன்னேன். கோவிச்சுக்கிட்டு ஊட்டை உட்டு வந்துட்டாருபோல என்று அவர் உள்ளே யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது.

ஐந்தாவது மைல் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. பிறகுதான் வேர்வை டவுசருக்கு இறங்கியது. கஞ்சி முதலில் கொழகொழவென்று ஆயிற்று. எதிர்க்காற்றில் அது காய்ந்ததும் துணியின் ஓரம் பனங்கருக்கு மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு எட்டுக்கும் இரண்டு தொடையின் உள்பக்கமும் அறுத்தது. பாவுக்குக் கஞ்சி காய்ச்சும்போது நூல் அறாமல் இருப்பதற்கு இரண்டு கரண்டி எண்ணெய் விடுவோம். வெள்ளைத் துணியில் கறை பிடித்துவிடுமே என்று அவள் எண்ணெய் விடாமல் காய்ச்சியிருக்கிறாள். அது எனக்கு அந்த ரோட்டில்தான் விளங்கியது. ஏழாவது மைல் கல்லில் குனிந்து பார்த்தேன். வெள்ளை டவுசரில் ரத்தம்.

நடந்தேன். காலை அகட்டி அகட்டி நடந்தேன். முன்னால் போனவர்களில் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. இந்த மாதிரி நடந்தால் மத்தியானச் சங்குக்குத்தான் போய்ச் சேர முடியும். கேட்டில் அவள் ஏழு மாத வயிற்றோடு வந்து நிற்பாள். நாளைக்கு மறுபடியும் புங்கமரம், மறுபடியும் விரல். குழந்தை பிறந்து, அது நடக்கப் பழகி, என் தூக்குப்போசியை அதுவே எட்டி வாங்கி வைக்கும் வரைக்கும் நான் அங்கேயே நிற்பேன் என்று மனது கிடுகிடுவென்று ஓடியது. கால்தான் ஓடவில்லை. அழுகை வந்தது. எனக்கு இருபத்தாறு வயது, ரோட்டில் நடந்துகொண்டே அழுதேன்.

அந்த இடத்தில் புளியமரத்தடியில் ஒரு மாட்டு வண்டி நின்றிருந்தது. கடலைக்கொடிப் பாரம். வண்டிக்காரர் என் வயதுதான் இருப்பார். தலையில் துண்டை முண்டாசாகக் கட்டியிருந்தார். சக்கரத்தின் கடையாணியைக் கழற்றிவிட்டு அச்சுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் கொட்டமுத்து எண்ணெய் என்கிற ஆமணக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துச் செய்கிற கருப்பு மை அது. வண்டிக்கு அடியில் ஒரு மூங்கில் குழாயில் எப்போதும் தொங்கும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, யாரு தொரத்தறாங்க?"

"யாரும் தொரத்தலீங்க. ஓட்டப் பந்தயமுங்க."

"பந்தயக்காரங்கெல்லாம் போயி வெகு நேரமாச்சுங்களே. நீங்க ஏனுங்க கலியாணத்துக்குப் போறாப்புல நடந்து வாரீங்க?"

டவுசரைக் காட்டினேன். அவர் கிட்டே வந்து துணியை விரலால் சுண்டிப் பார்த்தார். டொக்கென்று சத்தம் கேட்டது. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கஞ்சிங்களா?"

"ஆமாங்க. ஊட்ல போட்டாங்க."

"ஊட்ல பிரியமா இருப்பாங்களாட்ட இருக்குது" என்றார். பிறகு மூங்கில் குழாயைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "மரத்துக்கு அந்தப் பக்கம் போயி நல்லா வழிச்சுத் தேச்சுக்குங்க சாமி. துணியோட ஓரத்துக்கும் தேயுங்க."

தயங்கினேன். புண்ணில் கரி பட்டால் சீழ் பிடிக்குமா, விஷமாகுமா, இருதயத்துக்கு ஏறுமா என்று வரிசையாக யோசனை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மாட்டைக் காட்டினார். நுகத்தடி பட்டுக் காய்த்துப் போன கழுத்தில் கருப்பாக ஒரு பூச்சு இருந்தது.

"மாட்டுக்கும் இதத்தானுங்க போடறோம். கொட்டமுத்து எண்ணெய்தான், ஒண்ணும் பண்ணாது. சக்கரத்துக்குப் போடற சரக்கு. ஓடற எதுக்கும் ஆகும், போங்க."

மரத்துக்குப் பின்னால் போய்த் தேய்த்துக்கொண்டேன். முதலில் உயிர் போகிற மாதிரி எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த எரிச்சல் அடங்கி, வழுவழுவென்று ஒரு குளிர்ச்சி வந்தது. எட்டு வைத்துப் பார்த்தேன். அறுக்கவில்லை. இன்னொரு எட்டு. அறுக்கவில்லை. குழாயைத் திருப்பிக் கொடுக்கும்போது அது பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. மன்னிச்சுக்குங்க என்றேன். என் கைகள் முழங்கை வரைக்கும் கருப்பு.

"நான் சங்ககிரிச் சந்தைக்கு வாரம் தவறாம போறவனுங்க. என்றைக்காச்சும் ரொப்பிக் குடுங்க" என்றார். நான் ஓடத் தொடங்கியதும் பின்னாலிருந்து சத்தம் போட்டார். "மசகு தீர்றதுக்குள்ள ஊடு போய்ச் சேருங்க சாமி."

அதற்குப் பிறகு ஓடிய ஆறு மைலை நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றாக ஞாபகம் வருவதில்லை. வெயில் ஏறியது, வட்டமலை வந்தது, போனது. ஒரு கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர் கேட்காமலே ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். பந்தயத்தில் முன்னால் போன போலீஸ்காரர் ஒருவர் ஒரு கல்லில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, போங்க போங்க என்றார். எனக்கு ஒருவர் வழிவிட்டு நான் முந்திப் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஊர் எல்லைக்குள் நுழைந்து தறிச்சத்தம் காதில் விழத் தொடங்கிய இடத்தில் எட்டரைச் சங்கு ஊதியது.

கேட்டுக்கு இன்னும் அரை மைல் இருக்கும். சங்கு நீளமாக ஊதி, இறங்கி, அடங்கியது. நான் நின்றுவிட்டேன். பதிமூன்று மைலில் பன்னிரண்டரையை ஓடி முடித்துவிட்டு ஒரு சைக்கிள் கடை வாசலில் நின்றேன். வழக்கம்போலக் கை மணிக்கட்டுக்குப் போனது. பாதி வழியில் அப்படியே நின்றது. மசகு தேய்த்த இடத்திலிருந்து இது வரைக்கும் நான் ஒரு தரம்கூட நாடி பார்க்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நெஞ்சு இருந்த இடத்தில் இருந்தது. அதை நான் இத்தனை நேரம் மறந்தே போயிருந்தேன், அது தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

சங்கு போனால் போகட்டும், அவள் கேட்டில் நிற்பாளே என்று மறுபடியும் ஓடினேன்.

கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர்கள் கையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். புங்கமரத்தடியில் என் இடத்தில் அவள் நின்றிருந்தாள். தலையில் முக்காடு, கை வயிற்றின் மேல். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பிறகு டவுசரைப் பார்த்ததும் அப்படியே மாறியது. கருப்பும் சிவப்புமாகக் கால் முழுக்க வழிந்திருந்தது. அவள் என்ன நினைத்திருப்பாள்.

மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். பக்கத்தில் மேஸ்திரி, மில் டாக்டர். அவர் பேசுவதற்கு முன்னால் நான் பேசிவிட்டேன். எப்போதும் கெட்ட சேதியை நானே முதலில் சொல்லிவிடுவது என் வழக்கம்.

"தப்பாப் போச்சுங்க. சங்கு ஊதிட்டுதுங்க. நடுவுல நடந்துட்டனுங்க."

மேனேஜர் விழித்தார். "சங்குக்கு என்ன?"

"எட்டரைச் சங்குக்குள்ள வரோணும்னு..."

"அது டம்ளருக்கப்பா" என்றார். "உனக்கு நான் சொன்னது ஓடி முடிக்கச் சொல்லித்தானே. பதிமூணு மைலும் முடிச்சியா இல்லையா?"

மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் விரித்தார். "நான் எப்பப்பா சங்கச் சொன்னேன்? முழுசா ஓடி வரச் சொன்னாருன்னுதானே சொன்னேன்."

ஆமாம், அதைத்தான் சொன்னார். சங்கை நோட்டீசிலிருந்து எடுத்து அதோடு சேர்த்துக் கட்டியது நான். டாக்டர் கேட்டதற்கு வியாதியைச் சொல்லிச் சிவப்பு வரியை வாங்கியதும் நான். நாற்பது நாள் அந்தச் சங்கின் அடியில் நசுங்கிக்கொண்டிருந்தேன், அதை அங்கே கொண்டு போய் வைத்தது யாரென்றால் நான். அந்த வெட்கத்தில் எனக்குச் சந்தோஷப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை.

டாக்டர் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து முதல் தடவையாக என் நெஞ்சில் குழாயை வைத்தார். ரொம்ப நேரம் கேட்டார். முதுகுப் பக்கமும் கேட்டார். சின்ன வயதில் விழுந்த அன்று காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு அமாவாசை. தறி ஓடாத நாள், வீட்டில் விரதம். நானும் அம்மாவோடு சேர்ந்து விரதம் இருக்கிறேன் என்று அடம்பிடித்து ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போயிருந்தேன். அதைச் சொன்னதும் டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மேனேஜரைப் பார்த்தார்.

"பசி மயக்கம் சார். நெஞ்சு நல்லா இருக்கு."

மேனேஜர் அப்போதே ஆபீசிலிருந்து அந்தத் தாளை எடுத்துவரச் சொல்லி, பந்தலில் நின்றபடியே சிவப்பு வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நான் நிரந்தரம். ஏழாம் வகுப்போடு நின்ற படிப்பைப் பற்றி அன்றைக்கு ஒரு நிமிடம் நினைத்தேன். அந்தக் கம்பவுண்டர் மேல் கோபம் வர வேண்டும், வரவில்லை. அவர் குழாயை வைத்துக் கேட்டது பசித்துக் கிடந்த ஒரு பையனின் நெஞ்சை. அது பலவீனமாகத்தான் அடித்திருக்கும்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவளிடம் இது வேர்வையால் ஏற்பட்ட சிராய்ப்பு என்று சொல்லி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து டவுசரைக் கழற்றிப் போட்டதும் அதைக் கையில் எடுத்தாள். காய்ந்த ஓரத்தை இரண்டு விரலால் மடித்துப் பார்த்தாள். தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எண்ணெய் உட்டிருக்கோணுமுங்க" என்றாள். அதைச் சொல்லிவிட்டு அழுதாள். அன்றைக்கு இரண்டு பேரும் அழுதாயிற்று.

மசகைப் பற்றியும் வண்டிக்காரரைப் பற்றியும் முழுவதும் சொன்னேன். வீட்டில் பிரியமாக இருப்பார்கள்போல என்று அவர் சொன்னதைச் சொன்னபோது அழுகைக்கு நடுவில் சிரித்தாள். மறுநாளே ஒரு பாட்டிலில் ஆமணக்கெண்ணெய் வாங்கி நிரப்பி மாடத்தில் வைத்தாள். டவுசரிலிருந்து கருப்பு போகவேயில்லை. மூன்று தடவை சவுக்காரம் போட்டுப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்று மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. அது பிறந்து மூன்றாவது மாதம்தான் நாங்கள் சங்ககிரிச் சந்தைக்குப் போக முடிந்தது. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நான் எண்ணெய்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அவர் வராமல் இருந்தால் என்ன செய்வது, வேறு ஊருக்குப் போயிருந்தால், வண்டியை விற்றிருந்தால் என்று வழி நெடுகப் புலம்பினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் குழந்தையை என் மடியில் வைத்தாள். இரண்டு கையும் அதற்கே போய்விட்டது. பாட்டிலை அவள் வாங்கிக்கொண்டாள்.

வந்திருந்தார். சந்தைக்கு வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வேட்டி சட்டையில் இருந்தேன், கால் வெள்ளையாக இருந்தது. மசகு வாங்கித் தேய்த்துக்கொண்டு ஓடினேனே என்று சொன்னதும் உடனே என் காலைத்தான் பார்த்தார்.

அவள் பாட்டிலை இரண்டு கையாலும் நீட்டினாள். "கஞ்சி போட்டது நானுங்க" என்றாள்.

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். வண்டிக்கு அடியில் குனிந்து குழாயை எடுத்து, அங்கேயே ஊற்றி, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். மிச்சம் எண்ணெய் இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள் என்று எவ்வளவோ சொன்னோம். குழாய் நிரம்பிவிட்டது, அதற்கு மேல் எனக்கு வேண்டாமுங்க என்றுவிட்டார். பிறகு குழந்தையின் பாதத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சாமியும் ஓடுமுங்களா?"

"நல்லா ஓடோணுமுங்க" என்று நான்தான் சொன்னேன். என் பெண் ஓட வேண்டும் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன் என்பது பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கே உறைத்தது.